ஜெசிந்தா அக்காவின் சிவப்பு நாற்காலி

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் முன்னாள் ராணுவத்தினர் குழுவில், ஒரு காலை வணக்கப் பூங்கொத்துக்கும் பென்ஷன் பற்றிய ஒரு புலம்பலுக்கும் நடுவில், 'ராயபுரம் பந்தல் கடை ஜெசிந்தா அவர்கள் இன்று காலை நெஞ்சுவலியால் காலமானார்' என்று ஒரு வரி. அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். திருவொற்றியூரில் நான் காவல் பார்க்கும் கன்டெய்னர் யார்டின் கேட்டில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குள் போன் அடித்தது. என்னோடு சிக்னல் பிரிவில் இருந்தவன். பெயர் வேண்டாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "இன்னா மாமு, நெஞ்சுவலின்னு போட்டுக்கீறாங்க. நெஞ்சுவலி தானா, இல்ல... அதுவா?"

அவனை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த டிரெய்லர் டிரைவர் என் சத்தத்தில் வண்டியையே நிறுத்திவிட்டான்.

தற்கொலையோ என்று உங்களில் சிலருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா மாரடைப்பில்தான் போனார். காசிமேட்டில் ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி இறக்கிவிட்டு, லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர் அப்படியே மகன் ராபின் தோளில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை இவ்வளவு விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நெஞ்சுவலி என்ற சொல்லை உண்மையை மறைக்கப் போட்டுப் போட்டு நாம் நைந்துபோக வைத்துவிட்டோம். உண்மையிலேயே நெஞ்சு வலித்துச் செத்த ஒரு பெண்ணை இன்று யாரும் நம்பவில்லை. அதுவும் யாரை? அந்தப் பொய்யோடு கடைசிவரை மல்லுக்கு நின்ற பெண்ணை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ராயபுரத்தில் ஷாமியானா, நாற்காலி, பெரிய சமையல் பாத்திரங்கள், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி என்று வாடகைக்கு விடும் கடை அவருடையது. கணவர் அந்தோணி ராணுவத்தில் ஹவில்தார். பென்ஷனோடு ஊர் திரும்பி, எர்ணாவூரில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். எல்லையில் பீரங்கி இழுத்தவர் மேனேஜர் காருக்குக் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார். தூக்கம் போனது. பேச்சு குறைந்தது. ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். போலீஸ் வந்து போனது, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் துணி சுற்றி வந்தது, தெருவே நின்று பார்த்தது. ஆனால் சாயங்காலம் அந்தோணியின் அண்ணன் தெருமுனையில் நின்று "நெஞ்சுவலி" என்றார். தெருவும் "ஆமாம், நெஞ்சுவலி" என்றது. எங்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் மலர்வளையம் வைத்து, "இதயம் நின்றாலும் வீரம் நிற்காது" என்று பேசிவிட்டுப் போனார்.

அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னிடம் சொன்னது இது: "லீவுல வரசொல்லோ மாப்ள மாரி பாத்துகினோம் குமாரு. பெட்டியத் தொறந்தா புள்ளைங்க, ரம் பாட்டில பாத்தா மச்சானுங்க. ஒரேடியா வந்தப்போ இந்த மன்சன எங்க ஒக்கார வெக்கிறதுன்னே எங்களுக்குத் தெர்ல. கடை நெறைய சேர் கீது. அவருக்கு வூட்ல ஒரு எடம் இல்ல."

அக்காவை நான் முதலில் பார்த்தது என் நண்பன் செல்வத்தின் சாவில். அவனும் ராணுவத்திலிருந்து வந்தவன்தான், எர்ணாவூரில் குடியிருந்தான். ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கிய அக்கா, ஆட்களை விட்டுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கச் சொல்லிவிட்டு நேராகப் போய் செல்வத்தின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் எல்லோரும் நெஞ்சுவலி, நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே, "எம் வூட்டுக்காரரும் இப்பிடித்தாம்மா போனாரு. நெஞ்சுவலி இல்ல. எங்கிட்ட நீ நெஞ்சுவலின்னு சொல்லத் தேவயில்ல" என்றார். அதுவரை கல்லாக இருந்த பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். சொந்தக்காரர்கள் அக்காவை முறைத்தார்கள். பெட்டி வாடகைக்கு விட வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார்.

சாவு வீடுகளுக்குப் போய்ப் போய், அந்தோணியைப் போல இன்னும் எத்தனை பேர் என்று அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. அப்படித் தொடங்கியதுதான் நடை. அந்தோணியின் நினைவு நாளை ஒட்டி வரும் ஞாயிறு காலையில் ராயபுரத்தில் கிளம்பி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எர்ணாவூர் வரை. கொடி கிடையாது, மைக் கிடையாது. கடையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் வெள்ளைப் பெயிண்டில் கடையின் எழுத்து. அதில் அந்தோணியின் படம், ஒரு மாலை. ராபினும் இன்னொருவரும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அப்படிப் போன ஒருவர் வாழ்ந்த வீடு வந்தால் நாற்காலியை இறக்கி வாசலில் வைப்பார்கள். வீட்டார் வெளியே வந்தால் அவர் பெயரையும் எப்படிப் போனார் என்பதையும் வாய்விட்டுச் சொல்வார்கள். கதவு திறக்காவிட்டால் பெயர் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். "அவங்க வலி அவங்களுது. நம்ப போயி தட்டக் கூடாது" என்பார். பல கதவுகள் திறக்கவில்லை.

முதல் வருஷம் தண்டையார்பேட்டையில் ஒரு கூத்து நடந்தது. மாலை போட்ட நாற்காலி தோளில் வருவதைப் பார்த்துவிட்டு, ஏதோ சாமி வருகிறது என்று ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்து ராபின் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். இன்னொருத்தி கற்பூரம் ஏற்றிவிட்டாள். கூட வந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குடத்துக்காரி, "இன்னா சாமிக்கா இது?" என்று கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "சாமி இல்லம்மா. மிலிட்டரில இருந்து வந்து தன் உசுரத் தானே மாச்சிகினவரு. எம் வூட்டுக்காரரு" என்றார். அந்தப் பெண் குடத்தைப் பின்னால் இழுத்துக்கொள்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "எங்கண்ணனும் பஞ்சாப்ல இருந்து வந்து அப்பிடித்தான் போச்சிக்கா" என்று சொல்லி, மிச்சத் தண்ணீரை அக்காவின் காலில் ஊற்றினாள். அடுத்த வருஷத்திலிருந்து அந்தத் தெருவில் குடங்கள் முன்கூட்டியே வாசலுக்கு வந்துவிட்டன. தெரிந்தே ஊற்றினார்கள்.

இது எங்கள் சங்கத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து பேசுகிற மனிதர். இரண்டாம் வருஷம் நடைக்கு அனுமதி கேட்டு அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது அங்கேயே வந்து மறித்தார். "ராணுவ வீரன் கோழை இல்லம்மா. இப்படி ஊர்வலம் போனால் பட்டாளத்துக்கே அசிங்கம்" என்றார். அன்று ராபின் பக்கத்தில் இருந்தான். அக்கா பேசியதை அப்படியே சொன்னான்:

"கோழன்னு யாரு சார் சொன்னது? நீதான் சொல்லிகினு கீற. சாவறதுக்கு முன்னாடி அவரு உன் சங்கத்துல டெய்லி வந்து ஒக்காந்துகினு இருந்தாரே, ஒரு டீய வாங்கிக் குடுத்து, இன்னா அந்தோணி, தூங்குறியான்னு நீ கேட்டியா? மலர்வளையம் மட்டும் எம்மாம் பெருசா எடுத்தாந்த!"

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தலைவர் ஒரு முறைகூட நடைக்கு வரவில்லை.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதுவது அவர் எதிர்த்த அதே பொய்யாகிவிடும். அதற்கடுத்த வருஷம் நடை எங்கள் யார்டைக் கடந்துபோன காலையில், நான் சீருடையில் கேட்டில் நின்று அந்தோணியின் படத்துக்கு சல்யூட் அடித்தேன். டிரெய்லர்கள் கிளப்பிய புழுதியில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் என் முகம் தெரிந்திருக்கிறது. வரிசையை விட்டு என்னிடம் வந்தார். "குமாரு, தூங்கி எத்தினி நாளாச்சி?" என்றார். நான் கேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா ராபினைக் கூப்பிட்டு, நாற்காலியை இறக்கச் சொல்லி, படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"ஒக்காரு."

"ட்யூட்டில ஒக்காரக் கூடாதுக்கா."

"ஒக்காருன்றேன்ல. செத்தவருக்கு எதுக்குடா சேரு? இது உன்ன மாரி ஆளுக்குத்தான் எடுத்தாறேன்."

உட்கார்ந்தேன். நடுரோட்டில், எல்லோரும் பார்க்க. அவர் என் எதிரில் குனிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்: "சாவணும்னு தோணுதா?"

பட்டாளத்திலும் சரி, வீட்டிலும் சரி, சங்கத்திலும் சரி, அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். சொன்னதும் உடம்பெல்லாம் ஆட அழுதேன். அக்கா பதறவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "சரி. இப்போ தண்ணி குடி. தனியா இருக்காத. நாளிக்கி நம்ப ரெண்டு பேரும் டாக்டராண்ட போறோம்" என்றார். அன்று ராபினை என்னோடு விட்டுவிட்டுப் போனார். மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், கடையை மூடிவிட்டு என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால்தான் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். உயிரோடு இருக்கிறேன். இதை எழுதுகிறேன்.

அக்கா போன அன்று, அவருடைய பந்தலின் கீழே, அவருடைய நாற்காலிகளில் உட்கார்ந்து ஊர் கிசுகிசுத்தது. "நெஞ்சுவலியாமே" என்று ஒருவர் கண்ணைச் சிமிட்டியதைப் பார்த்தேன். அவருடைய ஐஸ் பெட்டியிலேயே அவர் படுத்திருந்தார். தெருமுனையில் சங்கத் தலைவர் வைத்த பேனர். அக்கா படத்தைவிட அவர் படம் பெரிது. 'மாரடைப்பால் மறைந்த மாவீரர் அந்தோணியின் துணைவியார், சமூக சேவகி ஜெசிந்தா அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' எத்தனை வருஷ நடையை ஒரே வரியில் அழித்துவிட்டார், பாவி. நான் எழுவதற்குள் ராபின் எழுந்துவிட்டான். ஸ்டூல் போட்டு ஏறி பேனர் கயிற்றை அறுத்தான். தலைவர் ஓடிவந்து, "இன்னைக்கு வேணாம்பா, சாவு வீடு" என்றார்.

"இன்னிக்கி தான் சார் வேணும்" என்றான் ராபின். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினான்: "எங்கம்மா நெஞ்சுவலில போச்சி. எங்கப்பா தற்கொல பண்ணிகினாரு. ரெண்டயும் ரெண்டா சொல்லுங்க!"

அப்போது பின்வரிசையிலிருந்து செல்வத்தின் மனைவி எழுந்தாள். "எம் வூட்டுக்காரரும் தற்கொல தான்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில், எனக்குத் தெரியாத ஒரு வயதான அம்மா எழுந்து நின்றார். திருவொற்றியூரில் நாங்கள் எத்தனையோ முறை நின்றும் திறக்காத ஒரு கதவின் பின்னால் இருந்தவர் என்று ராபின் பிறகு சொன்னான். "எம் புள்ளையும்" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

இந்த வருஷமும் நடை உண்டு. முதலில் அக்கா வீட்டு வாசலில் நிற்போம், பிறகு அந்த அம்மா வீட்டு வாசலில். முன்னாள் ராணுவத்தினர் யாராவது இதைப் படித்தால், படத்துக்கு மாலை போட வர வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று சொல்ல வாருங்கள், அது போதும்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சிவப்பு நாற்காலி. நடைக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி ராபின் என் வீட்டில் விட்டுப் போயிருக்கிறான். அதில் நான் படம் எதுவும் வைக்கவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதில் உட்கார்ந்துதான் பூட்ஸ் கயிறு கட்டுகிறேன். மனைவி எதிரே வந்து நின்று, "தூங்கினியா?" என்று கேட்கிறாள். தூங்காத நாட்களில், இல்லை என்று சொல்கிறேன்.