சந்தனம் பூசிய பனிவிளக்கு

தை முதல் வெள்ளி, காலை பத்தரை மணி, பல்புகள் இரண்டு.

நாளை விடியுமுன் எங்கள் பஸ் கல்யாணக் கூட்டத்தோடு மலைத் தோட்டத்துக்கு ஏற வேண்டும். மேலே மூடுபனி. பனிவிளக்கு இரண்டும் மங்கிவிட்டன. "ரெட்டிப்புப் பவர்ல பல்பு வாங்குலே" என்றார் முதலாளி, கிளீனரான என்னிடம்.

வடசேரிக் கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய வெள்ளைப் பல்பை நீட்டினார். "இதைப் போட்டா பகல் மாதிரி இருக்கும் மக்கா."

"பனியில வெள்ளை வெளிச்சம் திரும்பி நம்ம கண்ணுலதான் அடிக்கும். வயரும் கருகும். பழைய பவர்லயே மஞ்சப் பல்பு தாரும்" என்றேன்.

வாங்கி வந்து மாட்டக் குனிந்தால், விளக்குக் கண்ணாடி முழுக்கச் சந்தனம்! முதலாளியின் அக்கா வெள்ளிதோறும் பூசிப் பூசி ஓடாகக் காய்ந்திருந்தது. துணியை எடுத்தேன்.

"கை வைக்காதேலே! பூசைச் சந்தனம்!" முதலாளி பாய்ந்து வந்தார்.

எனக்குப் பொறுமை கிடையாது. பூசைத் தட்டோடு நின்ற அக்காவிடமே கேட்டேன்: "அக்கா, நீங்க சந்தனத்தை நெத்தியில வைப்பியளா, கண்ணுலயா?"

அக்கா விளக்கை உற்றுப் பார்த்தார். "இது வண்டிக்குக் கண்ணா? நான் கன்னமுன்னுல்லா நெனச்சேன்! தொடச்சு எடு மக்கா. அப்போ மேல இருக்க பெரிய கண்ணாடிதான் நெத்தி, இல்லியா?"

முதலாளியே துணியை நனைத்துத் தந்தார். இனி நான் செய்யப்போவது:

1. மஞ்சள் பல்போடு மலையேறுவேன்.
2. அடுத்த வெள்ளி, அக்கா வருமுன் ரேடியேட்டரைத் துடைத்து, இதுதான் நெற்றி என்று காட்டுவேன்.
3. அவர் நம்பாவிட்டால் டிரைவரின் முன்கண்ணாடியை எந்த உறுப்பென்று சொல்லிக் காப்பாற்றுவது? இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். யோசனை உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், வியாழனுக்குள் வேண்டும்.