ஒன்பது கிளப்புகளின் சட்டைகள்

"இவ்வளவு படிச்சுப்போட்டுப் பந்துக்குப் பின்னாலயோ ஓடப் போறாய்?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் என் படிப்பைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது.

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் விளையாட்டு மண்டபத்தின் கூரையில் மழை விடாமல் கொட்டுகிறது. உள்ளே பெண்கள் கூடைப்பந்து அணி பயிற்சி செய்கிறது. பயிற்சியாளர் குமரன் அண்ணை நான்கு நாடுகளில், ஒன்பது கிளப்புகளில், சம்பளத்துக்கு விளையாடியவர். எந்தக் கிளப்பும் அவரை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை. அந்த ஒன்பது கிளப்புகளின் பழைய சட்டைகளைத்தான் பெண்கள் போட்டிருக்கிறார்கள். எல்லா முதுகிலும் அவர் பெயர். முழங்காலை மடிக்கச் சொல்லி அவர் டேனிஷில் கத்துகிறார். அவருடைய வலது முழங்கால் மடிவதில்லை.

இந்த மாதத்தோடு இந்தக் கிளப்பும் அவரை நிறுத்துகிறது. அவருடைய இடத்துக்கு, முன்பு இந்த அணியில் விளையாடிய என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

"சட்டையளைக் கொண்டு போகேல்லையோ அண்ணை?"

"எங்க கொண்டுபோய் வைக்கிறது? ஒவ்வொரு கிளப்பும் என்னைக் கலைச்சு அனுப்பேக்க இதைத்தான் தந்தவங்கள். நல்ல துணி, கிழியாது."

"உங்களை ஏன் நிப்பாட்டினவை?"

"தோத்தனாங்கள் தங்கச்சி, வேற என்ன?" சிரிக்கிறார். "உம்மையும் ரெண்டு வருசத்தில கலைப்பாங்கள். இஞ்சினியர் வேலையை மட்டும் விட்டிடாதேயும்."

அந்த வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் காலையில் ஓர்ஹூஸ் நகரில் பஸ் ஏறினேன்.