ஓமம் வளர்க்க ஓர் இடம் கேட்டேன்

மகளின் கல்யாணப் பத்திரிகையை உறவுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, அதில் அச்சடித்த மண்டபத்தில் தாலி கட்ட முடியாது என்று தெரிந்தால் ஒரு தாய் என்ன செய்வாள்? அம்மனை நம்பி வாழும் என் சகோதரிகளே, போன ஆவணியில் நான் அந்த நிலையில்தான் நின்றேன். கல்யாணத்துக்குப் பதினெட்டே நாள் இருந்தது.

என் பெயர் விஜயா. மலேசியாவில், கிள்ளானை அடுத்த பண்டமாரானில் குடியிருக்கிறோம். நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூத்தவன் குமரனின் கல்யாணத்தை ஊர் மெச்ச ஒரு பெரிய மண்டபத்தில் நடத்தினோம். மூன்று மணி நேரக் கல்யாணம், ஆறு வருடக் கடன். கடைசித் தவணை கட்டிய அன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று, "கவிதா கல்யாணத்துக்கு ஒரு காசு கடன் வாங்க மாட்டேன்" என்று சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான். என் வீட்டுக்காரரைக் கேட்டால் அதற்கு வேறு பெயர் சொல்வார்.

மாப்பிள்ளை வீடு பக்கத்து ஊரான மேருவில். நாள் குறித்ததும், கையில் இருந்த சேமிப்புக்குள் மண்டபம் தேடக் கிளம்பினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தை அந்தத் தேதிக்கு ஒரு வருடம் முன்பே யாரோ பிடித்துவிட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்று அழகாக இருந்தது. கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். "எல்லாரும் டிரெயின்ல வந்திடலாம் லா, அக்கா" என்றார் அங்கே இருந்தவர். பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமாக டிரெயினிலா! கிள்ளானில் ஒரு விருந்து மண்டபத்தில் சாப்பாட்டு விலையைக் கேட்டுவிட்டு, கொடுத்த குளிர்பானத்தைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கடைசியில் வீட்டுக்குப் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பொது மண்டபம் அமைந்தது. வாடகை எங்கள் கைக்கு அடக்கம். நான் எல்லாவற்றையும் விசாரித்தேன். நாற்காலி எத்தனை, கழிவறை எத்தனை, வெளியிலிருந்து சாப்பாடு கொண்டு வரலாமா, வாழைமரம் கட்டலாமா, நாதஸ்வரம் வாசிக்கலாமா. ஓமம் வளர்க்கலாமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தீ இல்லாமல் நம் வீட்டில் கல்யாணம் உண்டா? கல்யாணம் என்று சொன்னாலே அதுவும் சேர்த்திதான் என்று இருந்துவிட்டேன்.

மீதி வாடகை கட்ட ஒரு வியாழக்கிழமை குமரனோடு போனேன். கையெழுத்துப் போடக் கொடுத்த தாளை அவன்தான் வாசித்தான்.

"ம்மா, உள்ள நெருப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அது சிகரெட்டுக்கா இருக்கும்டா" என்றேன்.

சிகரெட்டுக்கு மட்டும் இல்லை. கௌண்டரில் இருந்த மலாய்ப் பெண் ரோஹானா பொறுமையாக விளக்கினார். புகை கிளம்பினால் அலாரம் அடிக்குமாம், கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுமாம். அதனால் விதி விதிதான். அங்கிருந்து ஐயரிடம் ஓடினோம். "மெழுகுவர்த்தி ஏத்திவச்சு தாலி கட்டச் சொல்றீங்களாம்மா?" என்று அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் அந்த விருந்து மண்டபத்துக்குப் போன் போட்டு முடித்திருந்தார். அங்கே ஓமம் வளர்க்கலாம், அந்தத் தேதியும் காலி. திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கடன் விண்ணப்பம் மேசை மேல் இருந்தது.

"பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது, விஜயா? சைன் பண்ணு."

கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வேணாம்மா. ரிஜிஸ்டர் மட்டும் பண்ணிக்கிறோம். எனக்கு அது போதும்." போதாது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நாளைக்கு ஒரு நாள் குடுங்க" என்று மட்டும் அவரிடம் கேட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கேன்டீனுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வேண்டுதல் என்ற பெயரில் அம்மனிடம் பேரம் பேசுவதுதான் அதுவரை என் வழக்கம். இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்பேன். அன்று பேரம் பேசத் தெம்பில்லை. "அம்மா, பெரிய மண்டபம் கேட்கவில்லை. ஓமம் வளர்க்க ஓர் இடம் காட்டு. அந்தக் கடன் தாளில் என் கையெழுத்து விழ விடாதே" என்று அழுதேன். அழுது முடித்தபோது ஒன்று உறைத்தது. 'கூடாது' என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தேனே, 'அப்படியானால் எங்கே கூடும்' என்று கேட்கவில்லையே! அது என் யோசனை இல்லை, சகோதரிகளே. என் யோசனையெல்லாம் வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டது.

நேரே மண்டபத்துக்குப் போனேன். கௌண்டர் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், மூன்று மணிக்குக் கிட்டத்தான் திறப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கார் வந்து நிற்கும் திறந்த முகப்பில் உட்கார்ந்துவிட்டேன். கேட்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு.

ரோஹானா திரும்பி வந்தார். நெற்றியில் குங்குமமும் வீங்கிய கண்ணுமாக என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். நான் மலாயில் எனக்குத் தெரிந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தீ எங்களுக்குச் சாட்சி, அது இல்லாமல் என் மகள் மனைவியாக மாட்டாள் என்றேன். என்னைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "அக்கா, மண்டபத்துக்கு உள்ளேதான் கூடாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் உள்ளே இல்லையே."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்!

அவரே மேலதிகாரியிடம் பேசி, திங்கட்கிழமை காலையில் எழுத்தில் அனுமதி வாங்கித் தந்தார். தீயணைப்பான் ஒன்றும் அதோடு நிற்க ஒரு ஆளும் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஐயர் வந்து முகப்பைப் பார்த்தார். "உள்ள மேடை தெக்கு பாத்து இருக்கு. இது நேர் கிழக்குமா. இதைவிட வேற என்ன வேணும்?" என்றார். சம்பந்தியம்மாவிடம் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன். "வர்றவங்க தலையில வெயில் படாம பாத்துக்குங்க, சம்பந்தி" என்றதோடு சரி. மலாய்க்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போடும் கூடாரங்களை முகப்புக்கு எதிரே வாடகைக்குப் போட்டோம். கடன் விண்ணப்பத்தை நானே கிழித்தேன். கிழிக்கும் சுகத்தை என் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

தாலி கட்டுகிற நேரத்தில் மழை தூறியது, அதை மறைக்க மாட்டேன். கூடார ஓரத்தில் இருந்தவர்கள் நாற்காலியோடு உள்ளே நகர்ந்தார்கள். ஆனால் ஓமத் தீ அணையவில்லை. குமரன் பட்டுவேட்டியில் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளைத் தோழனைவிட விறைப்பாக நின்றான். கவிதா அந்தத் தீயை வலம் வந்தபோது நான் வாய்விட்டு அழுதேன். ரோஹானா தன் பிள்ளைகளோடு வந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.

இப்போது நான் அம்மனிடம் பேரம் பேசுவதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். மனிதர்களிடமும் அப்படியே. கூச்சம் போய்விட்டது. மண்டபம் தேடும் தாய்மார் யாராவது கூப்பிட்டால் கூடவே போய், முதல் கேள்வியாக ஓமத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

உங்களில் யாருக்காவது இன்று எல்லா வழியும் அடைத்ததுபோல் இருக்கலாம். கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் கொட்டிவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, முடியாது என்று சொன்னவரிடமே இன்னொரு தரம் போய்க் கேளுங்கள். தனியாகப் போகிறோமே என்று நினைக்காதீர்கள். நான் அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை.