கொசுவலைக்குள் குண்டு மிளகாய்

ஓசூருக்குக் குடிவந்த புதிதில் எங்கள் வீட்டுக் குழம்பு நன்றாகச் சிவந்தது, உறைக்கத்தான் இல்லை. சந்தையில் வாங்கிய கர்நாடகத்துப் பேடகி மிளகாயை என் மனைவி செண்பகம் எவ்வளவு அள்ளி அரைத்தாலும் நிறமே கூடிற்று. கண்ணில் நீர் துளிர்க்காமல் உண்டெழுவது எங்களுக்கு உண்ணாதது போலவே இருந்தது. புலம்பெயர்ந்தவன் எனச் சொல்லிக்கொள்ளக் கடல் கடந்திருக்க வேண்டுமென்பதில்லை. தொழிற்சாலை வேலைக்காக, எண்பதுகளின் நடுவில், முதுகுளத்தூர்ப் பக்கத்து வானம் பார்த்த பூமியை விட்டு, ஓசூரை ஒட்டிய மாநில எல்லையோரத்து ஜூஜுவாடியில் குடியேறியவனுக்கும் அச்சொல் பொருந்தும்.

செண்பகத்தின் பிறந்த வீட்டு வயலில் விளைவது குண்டு மிளகாய். உருவம் சிறிது, காரம் கொடிது. கொண்டுவந்த விதை முழுவதையும் அவள் வீட்டின் பின்புறம் விதைத்தாள். அருகிலேயே வீட்டுக்கார அம்மாள் ரத்னம்மாவின் பஜ்ஜி மிளகாய்ச் செடிகள் நின்றன. முதல் ஆண்டுக் காய்கள் நாவைச் சுட்டன. அவற்றின் விதையை மறு ஆண்டு விதைத்தபோதோ, இரண்டு செடிகள் நீங்கலாக ஏனையவை காம்பருகே உருண்டும் நுனியில் நீண்டும் காய்த்தன, காரமும் பாதியாயிற்று. இரு வீட்டுப் பூக்களிடையே தேனீக்கள் வேறுபாடு பார்க்கவில்லை.

அவ்வாண்டுதான் ஊரில் கண்மாய் வறண்டது. விதைக்கென வைத்திருந்த காயையும் மக்கள் விற்று உண்டுவிட்டனர். செண்பகத்தின் தம்பி முருகேசன் எங்களிடம் விதை கேட்டு வந்தான்.

“கடையில நீளக்காய் விதைதான் இருக்குக்கா. குண்டுக் காயா இல்லேன்னா நம்ம வியாபாரி மூட்டையத் தொட மாட்டான். இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நெலத்த விக்க வேண்டியதுதான்.”

“புரட்டாசிக்குள்ள தாரேன்டா. இப்பக் காய்ச்சிருக்கறத நம்ப முடியாது” என்றாள்.

உருண்டைக் காய் காய்த்த அவ்விரு செடிகளிலும் இருந்த காயையும் மலர்ந்த பூவையும் கிள்ளியெறிந்தாள். பழைய கொசுவலையை வெட்டி, குச்சிகள் நட்டு, இரண்டையும் மூடினாள். இனிப் பூப்பவை தேனீ தீண்டாமல் தாமே காய்க்க வேண்டும். ரத்னம்மா முதலில் சிரித்தார்.

“உங்க ஊரு செடியைக் கொசுகூடக் கடிக்குமாம்மா?”

சிரிப்பு நீடிக்கவில்லை. “என் கண்ணு பட்டுடும்னுதானே மூடி வச்சே?”

“ஐயோ, உங்க கண்ணு இல்லக்கா, உங்க செடிதான்” என்று செண்பகம் விளக்கப் புகுந்து காரியத்தைக் கெடுத்தாள்.

“என் செடிக்கு என்ன கேடு வந்துச்சு?” என்று உள்ளே போனவர் சில நாள் எங்களோடு பேசவில்லை. தம்பியின் நிலத்தைப் பற்றி நான் சென்று சொன்ன பிறகே வெளியே வந்தார். வலையைச் சுற்றிப் பார்த்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கட்டறத ஒழுங்காக் கட்டு. கீழ சந்துல ஈ பூருது பாரு” என்று வலையின் ஓரங்களில் மண்ணை அணைத்தார். பூவின் மகரந்தம் அதிலேயே உதிர்ந்து காய் பிடிக்க, நாள்தோறும் காலையில் செண்பகம் செடிகளை வலைக்கு வெளியிலிருந்தே மெல்ல உலுக்குவாள். அவள் வேலையாயிருந்தால் ரத்னம்மா உலுக்குவார்.

விதை உரிய காலத்தில் சென்றது. வயல் முழுதும் குண்டாகவே காய்த்தது. அறுவடையின்போது நாங்கள் ஊருக்குச் சென்றோம். முருகேசன் வீட்டுத் துவையலில் முதல் கவளம் உண்டதும் எனக்குப் புரையேறிற்று. தண்ணீர்ச் செம்பைத் தேடினேன்.

“என்ன மச்சான், கர்நாடகாக்காரரா ஆயிட்டீகளா?”

“இல்லப்பா, இன்னும் எல்லைக்கு இந்தப் பக்கந்தான்.”

எல்லோரும் நகைத்தனர். செண்பகமும் நகைத்தாள், ஆனால் அவளும் மோரை ஊற்றிக்கொண்டதை நான் பார்த்தேன்.

புறப்படும்போது முருகேசன் புது விதை கொடுத்தனுப்பினான். ஜூஜுவாடியில் அதையும் கலப்பு விதையையும் அடுத்தடுத்து விதைத்தோம். ஊர்ச் செடிகளுக்கு மட்டும் கொசுவலை. அவற்றின் காய், மீண்டும் எவரேனும் கேட்டு வந்தால் கொடுப்பதற்கு. அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் செண்பகம் பின்பக்கம் போய்ப் பறித்து வருவது வலைக்கு வெளியே நிற்கும் செடிகளிலிருந்துதான்.