மொட்டைப்பாறைச் சூலத்தில் மாட்டிய காலிப்பர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுக் கண் கலங்கி, "உங்கள் தன்னம்பிக்கைக்குத் தலைவணங்குகிறேன்" என்று கீழே எழுதுவதற்கான கட்டுரை இல்லை இது. நான் கோபத்தில் எழுதுகிறேன். புளியங்குடிக்கு மேற்கே இருக்கும் மொட்டைப்பாறை மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி, செலவு எல்லாம் இதில் இருக்கிறது. கோபமும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதத் தொடக்கத்தில் ஒரு மலையேற்றக் குழுவிலிருந்து போன் வந்தது. நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைப்பவள். மற்ற நேரத்தில் எங்கள் பக்கத்து மலைகளைப் பேனாவில் வரைகிறேன். அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் மலையேறப் போகிறார்களாம், அடிவாரத்தில் நின்று நான் கொடியசைத்து அனுப்பிவைக்க வேண்டுமாம். "உங்களப் பாத்தாலே எல்லாருக்கும் ஒரு உத்வேகம் மேடம்" என்றார் பேசியவர். நானும் கூட ஏறுகிறேனே என்றேன்.  "அடுத்த தடவை பாக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டார். அவர்கள் ஏறுவார்களாம், நான் கீழே நின்று துணியை ஆட்ட வேண்டுமாம். அந்த வாரமே மொட்டைப்பாறைக்குத் தனியாகக் கிளம்பினேன்.

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பர் மாட்டித்தான் நடக்கிறேன். ஊர் சங்கரன்கோவில். ஒற்றைக்காலில் தவமிருந்த கோமதி அம்பாளின் கால்வலியைத் தாங்களும் பங்கு போட்டுக்கொள்வதாக நம்பி, ஆடித்தபசுக்கு ஊரே கோயிலை ஆடிச்சுற்று சுற்றும். அம்பாள் காலில் இவ்வளவு அக்கறை உள்ள ஊரில் என் காலுக்கு ஆலோசனை மட்டும்தான் கிடைத்தது. சின்ன வயதில் இந்தக் காலில் மருந்தென்று பூசிய கோயில் புற்றுமண்ணைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வீடு கட்டியிருக்கலாம்.

புளியங்குடிக்கு நிறைய பஸ் இருக்கிறது. எனக்கு இலவசப் பாஸும் இருக்கிறது. பஸ்ஸின் முதல் படிதான் என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. பாஸ் கொடுத்தவர்கள் அந்தப் படியை ஒரு தடவை பார்த்திருக்கலாம். அதனால் தெரிந்த ஆட்டோக்காரர் இசக்கிமுத்து அண்ணனை வரச் சொன்னேன். போகவர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு. புளியங்குடி வரை பதினேழு கிலோமீட்டர். அங்கிருந்து எலுமிச்சைத் தோப்புகளுக்கு நடுவே மேற்கே இன்னும் ஐந்து. காலை ஆறே முக்காலுக்கு அடிவாரம் போய்விட்டோம்.

அங்கே ஏற்கெனவே இரண்டு வேன் நின்றன. பெண்கள் பொங்கல் பானை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே இவ்வளவு கூட்டம்?"

"இன்னைக்கு அமாவாசைல்லா. மேல அம்மனுக்குப் பூசை நடக்கும்."

"இத முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"நீங்க வேண்டுதலுக்குத்தான் வாரியன்னு நினைச்சேன். வேற எதுக்கு இந்தக் கால வச்சிக்கிட்டு மலையேறப் போறிய?"

நாள்காட்டி பார்க்காதது என் தப்பு. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் நான் வந்த காரியம் காலை வேளையில்தான் முடியும். வானம் தெளிவாக இருந்தால், மொட்டைப்பாறையின் கடைசிச் சரிவில் ஏதோ ஓரிடத்தில் சங்கரன்கோவில் கோபுரம் கண்ணில் படும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கீழே நிற்கும்போது தெரியாதாம், ஏற ஏறத் தோப்புகளுக்கு மேலே நுனி மட்டும் எட்டிப் பார்க்குமாம். எந்த இடத்தில் என்று நானே ஏறிப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

முதலில் அரைக் கிலோமீட்டர் வண்டிப்பாதை. கைத்தடியும் காலிப்பரும் போதும். பிறகு படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி கிடையாது. பாதிப் படிகள் உடைந்திருக்கின்றன. கடைசியில் மொட்டைப் பாறை, கால் வைக்கக் குழி மட்டும் வெட்டியிருக்கிறார்கள். அதில் இரும்பு வழுக்கும். அதனால் பாறை தொடங்கும் இடத்தில் காலிப்பரைக் கழற்றி, கைத்தடியோடு ஓரமாக வைத்துவிட்டேன். நான் ஏறும் முறை இதுதான்: மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் இடது காலையும் ஊன்றிப் பின்பக்கமாக மேலே நகர வேண்டும். கைக்குத் தோலுறை, உட்காரும் பக்கத்துக்கு லாரி டியூபை வெட்டித் தைத்த உறை. பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் உச்சிக்குப் போன பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே ஏறுகிறேன்.

சரிவில் கால்வாசி ஏறி மூச்சு வாங்கினேன். மணி எட்டரை. கீழே பச்சைக் கோடாகத் தோப்புகள், அதற்கப்பால் புளியங்குடி. கோபுரம் இன்னும் வரவில்லை. அப்போதுதான் பூசைக் கூட்டம் ஏறி வந்தது. முன்னால் தோளில் வாழைத்தாரோடு ஓர் அண்ணாச்சி.

"என்ன தாயி, நேர்த்திக்கடனா?"

"இல்ல அண்ணாச்சி. படம் வரைய வந்தேன்."

அவர் சிரித்தபடி பின்னால் வந்தவர்களைப் பார்த்தார். "வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னு மறைக்கா."

நேர்ந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்று நம் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா? அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. இல்லை என்று எத்தனை தடவை சொன்னேனோ அத்தனை தடவையும் அது பெரிய வேண்டுதலாகிக்கொண்டே போனது. "ஏலே, ரெண்டு பேரு வாங்கலே, புள்ளய மேல கொண்டு விடுவோம்" என்றார் அண்ணாச்சி. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் அக்குளுக்குள் இரண்டு கை, தொடைக்குக் கீழே இரண்டு கை. யார் கை என்றுகூடத் தெரியாது. நாற்பதை நெருங்கும் ஒரு பொம்பளையை முன்பின் தெரியாத ஆண்கள் கேட்காமல் கொள்ளாமல் தூக்கினால், வேறு எந்த இடத்திலும் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். என் கால் சூம்பியிருந்தால் அதற்குப் பெயர் புண்ணியம். "விடுங்க, விடுங்க" என்று கத்தினேன். பெண்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் குலவையிட்டார்கள். அந்தக் குலவையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மல்லாக்கத் தூக்கியதால் மேலே போகிற வரைக்கும் வானத்தைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.

சன்னதி முன்னால் இறக்கிவைத்தார்கள். பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அப்பி, கேட்காமலே காலிலும் தேய்த்தார். ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தார். அழுகை வந்தது. அழுதால் அதையும் பக்தி என்பார்கள் என்று பல்லைக் கடித்தேன். கடைசியாக ஏறி வந்த ஒருவர், தூக்கியபோது விழுந்த என் பையையும் கீழே வைத்திருந்த காலிப்பரையும் கொண்டு வந்தார். நல்லதாகப் போயிற்று என்று கையை நீட்டினேன். பையை மட்டும் தந்தார். காலிப்பரைச் சன்னதி முன்னால் நட்டிருந்த சூலத்தில் மாட்டி, அதற்கு ஒரு செவ்வந்தி மாலையும் போட்டார். வெள்ளியில் கால் செய்து காணிக்கை வைப்பதில்லையா, அது போலவாம். அம்மன் காலைக் கொடுத்துவிட்டாளாம், இனி இரும்பு எதற்காம்.

"அது என் கால். எடுத்துக் குடுங்க" என்றேன்.

"சாமிக்கு வச்சத எடுக்கப்பிடாது தாயி" என்றார் பூசாரி.

"நான் வைக்கலியே."

"யாரு வச்சா என்ன? வச்சாச்சில்லா."

எழுந்து நின்றால்தான் சூலம் எட்டும். காலிப்பர் இருந்தால்தான் எழுந்து நிற்க முடியும். இதைவிட நல்ல பூட்டை எவனாலும் செய்ய முடியாது.  பையிலிருந்து நோட்டை எடுத்து வரையத் தொடங்கினேன். சூலம், மாலை, காலிப்பர். பக்கத்தில் வாழைத்தார் அண்ணாச்சி. மீசையையும் மூக்கின் மேலிருந்த மருவையும் ஒன்று விடாமல் போட்டேன். ஒவ்வொருவராகச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன வரையுதிய?" என்றார் அண்ணாச்சி. தாயி போய், மரியாதை வந்திருந்தது.

"என் காலைப் பறிச்சுத் தொங்க விட்டவங்கள. புஸ்தகத்துல வரும்."

"என் மூஞ்சிய அழிச்சிருங்கம்மா. நல்லதுக்குத்தான செஞ்சோம்."

"பேனாவுல போட்டத அழிக்கப்பிடாது அண்ணாச்சி. போட்டாச்சில்லா."

பூசாரி வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணாச்சியே எட்டிக் காலிப்பரை எடுத்து, மாலையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

நான் அதை மாட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே சரிவில் இறங்கினேன். "எங்கன போறிய?" என்று அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். என்னைத் தூக்கிய இடத்தைக் காட்டி, அங்கிருந்து திரும்ப ஏறப் போகிறேன் என்றேன். "மேலதான் வந்தாச்சே?" என்றார். "நீங்கதான் வந்திய. நான் இன்னும் வரல." அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. என் கை வழுக்கிய இரண்டு இடத்திலும் அவர் கை தானாக நீண்டது. "தொடாதிய" என்றேன். இரண்டாம் தடவைக்குப் பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறி வந்தார்.

உச்சிக்கு வந்தபோது யாரும் குலவையிடவில்லை. மணி பதினொன்றரை. சமவெளி முழுக்க வெள்ளையாகப் புகைமூட்டம் ஏறிவிட்டது. வழியெல்லாம் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோபுரம் எங்கேயும் தெரியவில்லை.

இனி போகிறவர்களுக்கு. அமாவாசையன்று போகாதீர்கள். எட்டு மணிக்குள் பாறைச் சரிவில் இருங்கள். தண்ணீர் கொண்டு போங்கள், மேலே கிடையாது. திரும்பும்போது புளியங்குடியில் சாப்பிட்டுக்கொள்ளலாம், எங்கள் இருவருக்கும் இருநூற்று நாற்பது ஆனது. வழியில் என்னைப் போல ஒருவரைப் பார்த்தால், உதவி வேண்டுமா என்று ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் புண்ணியத்தை வேறு எங்காவது போய்ச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோ இப்போது எங்கள் குடும்பக் குழு வரைக்கும் வந்துவிட்டது. மலையேற்றக் குழுக்காரரும் பார்த்திருக்கிறார். நேற்று மறுபடி கூப்பிட்டார். "அடுத்த தடவை நீங்களும் மேல வரலாம் மேடம். தூக்குறதுக்கு நாலு பசங்கள ரெடி பண்ணிருதோம்." போனை வைத்துவிட்டேன்.

அன்று உச்சியில் உட்கார்ந்து வரைந்த இரண்டாவது படம் என் மேசையில் இருக்கிறது. சரிவு இருக்கிறது, தோப்புகள் இருக்கின்றன, கையைப் பின்னால் கட்டிய அண்ணாச்சியும் இருக்கிறார். கோபுரம் வர வேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறேன். பார்க்காததை நான் வரைவதில்லை.