செம்புத் தண்ணீர்

எனக்குத் தாய் இரண்டு பேர். ஒருத்தி பெற்றவள், உம்மா. இன்னொருத்தி பெரியபட்டினத்தில் எங்கள் தெருவுக்கு மீன்கூடை தூக்கி வருபவள். மீன் விற்பதால் அவளை மீனம்மா என்பேன். வேதக்காரப் பெண். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை ஒன்று தொங்கும். சுதந்திரம் வந்த சமயத்தில் நான் பிறந்தேன். பிறந்ததும் உம்மா ஜன்னி கண்டு படுத்துவிட்டாள். அதே வாரம் மீனம்மாவின் பிள்ளை பிறந்து, தங்காமல் போயிருந்தது. பால் கட்டித் தவித்துக்கொண்டிருந்தவளிடம், பசித்துக் கத்திக்கொண்டிருந்த என்னைக் கொடுத்தார்கள். அப்படித்தான் நான் பிழைத்தேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

"தண்ணி படாமலே போயிருச்சு தாயி" என்றாள்.

தண்ணீர் கிடைக்காமல் தாகத்தில் செத்த பிள்ளை என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஐயோ பாவம் என்றிருந்தது. அதிலிருந்து தெருமுனையில் அவள் தலை தெரிந்தால் போதும், செம்பு நிறையத் தண்ணீரோடு வாசலில் நிற்பேன். அவள் அண்ணாந்து குடிப்பாள். பிறகு கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி என் உச்சந்தலையில் வழியவிட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். வெயிலுக்கு நல்லது என்று உம்மா சொல்வாள். அந்தக் கையின் மீன்வாடைக்காகவே நான் அசையாமல் நிற்பேன்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த மாமி ஒருநாள் ஈமானைப் பற்றிச் சொன்னார். அல்லாஹ்வையும், அவன் அனுப்பிய நபிமார்களையும், இறக்கிய வேதங்களையும், மறுமை நாளையும் நம்புவதே ஈமான். இல்லையென்று மறுப்பது குஃப்ர். அந்த நம்பிக்கையை வாயால் உறுதிசொல்லும் கலிமாவைச் சொல்லாமல் கண்மூடி மௌத்தானவர்களுக்குச் சொர்க்கத்தின் வாசல் திறக்காது. மற்ற பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்புள்ள அழுகுற? நீதான் கலிமா சொன்னவளாச்சே!"

"மீனம்மா சொல்லலையே மாமி. பால் குடுத்தவளும் தாய்தான்னு நீங்கதான சொன்னீங்க? எந்தாய விட்டுட்டு நான் மட்டும் அங்கன போயி என்ன செய்ய?"

மாமிக்குக் கோபம் வந்தது. "இது அல்லாகிட்டருந்து வஹீயா எறங்குன சொல்லு. நீ அழுதா மாத்திப்புட என்னாலயா முடியும்?" என்று அதட்டினார். அதட்டிக்கொண்டே தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொர்க்கத்தில் பாலாறு ஓடும் என்று மாமி சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த பால் மீன்வாடை அடிக்கும். அது இல்லாத ஆறு எனக்கெதற்கு? எப்படியாவது மீனம்மாவை உள்ளே கூட்டிப்போய்விட வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் கூடையை இறக்கியதும் என் தந்திரத்தை எடுத்துவிட்டேன். "மீனம்மா, நான் பாடம் ஒப்பிக்கணும். நான் சொல்லச் சொல்ல நீயும் கூடச் சொல்றியா?"

"ஒங்க ஓதலு என் வாயில நொழையுமா? சரி, சொல்லு பாப்போம்."

நான் "லா இலாஹ" என்று தொடங்கியதுதான் தாமதம். முழுக் கலிமாவையும் அவளே தட்டுத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்துவிட்டாள். நான் வாயைப் பிளந்தேன்.

"பள்ளிவாசல்ல பாங்கு சொல்லயில பொழுதன்னைக்கும் காதுல விழுகுறதுதான? வராமப் போகுமா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நாக்கு மட்டும் சொன்னால் போதாது, மனசும் சொல்ல வேண்டும் என்று மாமி சொன்னது உடனே நினைவுக்கு வந்து தொலைத்தது. "மனசோட சொன்னியா?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ஒம்மேல உள்ள மனசோடதேன் சொன்னேன்" என்றாள். பிறகு செம்பை வாங்கி, அன்றைக்கு ஒரு வாய்கூடக் குடிக்காமல், அத்தனை தண்ணீரையும் என் தலையில் ஊற்றிவிட்டாள்.

சொட்டச் சொட்ட மாமியிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டார். "நாக்கு சொல்லிருச்சுல்ல? மனசப் பாக்குறது அல்லாவோட வேலை. போயி ஒன் பாடத்த ஓது" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த வருஷம் மீனம்மாவின் குடும்பம் பிழைப்புக்காக ராமேஸ்வரத்துப் பக்கம் போய்விட்டது. நான் பல நாள் செம்பும் கையுமாக வாசலில் நின்றிருக்கிறேன்.

கல்யாணமாகி வெளியூரில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு வேதக்காரப் பெண் தன் பச்சைக்குழந்தையை அவசர அவசரமாக மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். காய்ச்சல் பிள்ளையை எங்கே கொண்டுபோகிறாய் என்று சத்தம் போட்டேன். "ஞானஸ்நானம் குடுக்கணும்க்கா. தலையில தண்ணி படாமப் போற பிள்ளைக்கு மோட்சத்து வாசல் தெறக்காதுன்னு சொல்லுவாக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்று கண் கலங்கினாள்.

தண்ணி படாம. மீனம்மா அன்றைக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான்.

மீனம்மாவுடைய பிள்ளை தாகத்தில் சாகவில்லை. என்னையும் அப்படி மோட்சத்துக்கு வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று, நான் நீட்டிய தண்ணீரை வைத்தே அவள் நாள் தவறாமல் எனக்கு வழி செய்துகொண்டிருந்திருக்கிறாள். தந்திரம் பண்ணியது நான் மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

மீனம்மா இருக்கிறாளா, போய்விட்டாளா, தெரியாது. தொழுது கையேந்தும்போதெல்லாம், அவள் எந்த வாசல் வழியாக வேண்டுமானாலும் போகட்டும், அந்த ஈரக் கை இன்னொரு தடவை என் தலையில் படாதா என்று ஏங்கிப்போகிறேன். அவள் கலிமா சொன்ன அன்றைக்கு அது பட்டபோது, "சட்டையெல்லாம் நனைச்சிட்டியே" என்று அவளிடம் சிணுங்கிவிட்டுத்தான் ஓடினேன்.