ஆத்தாயி கேட்ட கொட்டகை

ஆத்தாயியைப் பற்றி எழுதினால் நான் அவளுக்குச் செய்ததையும் எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்.

சேந்தமங்கலம் போகும் சாலைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். அறுவடைக் காலத்தில் அவள் அங்கே கொடியிலிருந்து கடலைக்காய் ஆய வருவாள். வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தைக்குக் கடுகளவு அபின் கொடுத்து நிழலில் தூங்கவைப்பார்கள். நடக்கிற பிள்ளையை இடுப்பில் கயிறு கட்டிப் புளியமரத்தோடு பிணைப்பார்கள். 1937இல் எங்கள் மரத்தில் அப்படி ஏழு பிள்ளைகள். ஆத்தாயியின் மகள் குப்பாயியும் ஒருத்தி, இரண்டரை வயது. அவளுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். பாவமாக இருக்கிறதென்று அவனை மட்டும் ஆத்தாயி கட்டவில்லை. அவன் கிணற்றில் விழுந்துவிட்டான்.

ஒருநாள் மாட்டுக் கொட்டிலில் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, உங்களுக்கு எழுதத் தெரியுமாமா?"

"கொஞ்சந் தெரியும்" என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

"கொஞ்சம் போதுமுங்க. நான் கேக்கறதும் கொஞ்சந்தானுங்க. ஒரு கொட்டகை, ஒரு தண்ணிப்பானை, புள்ளைகளப் பாத்துக்க ஒரு பொம்பளை. அவ ரெண்டு பாட்டு, அ ஆ சொல்லிக் குடுத்தா இன்னும் நல்லது. ஜில்லா போர்டுக்கு எழுதிப் போட்டாக் கெடைக்குமாமா."

"பள்ளிக்கூடந்தான் இருக்குதே?"

"அங்க அஞ்சு வயசுக்கு மேலதானுங்க சேத்துக்கறாங்க. அதுவரைக்கும் புள்ளைக உசுரோட இருக்கோணுமில்லீங்களா?"

வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதினேன். கயிறு, அபின், கிணறு எல்லாம் எழுதினேன். எனக்கே என் எழுத்து பிடித்திருந்தது. ஆத்தாயி அடியில் கைநாட்டு வைத்தாள்.

போர்டு மெம்பரே நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலையிலேயே ஆத்தாயி வழிகாட்டுவதற்காகச் சாலைக்குப் போய்விட்டாள். என் மாமியார் தோட்டத்துக்கு வந்து மரத்தடியைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, அவரு கார்ல வாராராம். நம்ம மரத்துல புள்ளைகள ஆட்டுக்குட்டியாட்டங் கட்டி வெச்சிருக்கறதப் பாத்தா என்ன நெனப்பாரு? ஊரு மானம் அப்பறம். மொதல்ல நம்ம ஊட்டு மானம் போயிரும்."

மாமியார்மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுதும்போது எங்கோ ஒருவர் படிக்கப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் மரத்தடியில் வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை.

கயிறுகளை அவிழ்த்தேன். வாய்க்காலில் பிள்ளைகளுக்கு அரப்புத் தேய்த்து ஊற்றி, எண்ணெய் வைத்து, மை இட்டேன். பெட்டியிலிருந்து என் பிள்ளைகளின் சட்டைகளை எடுத்துவந்து போட்டேன். "போட்டு உட்டதத் திருப்பி வாங்கிப்போடாத" என்றார் மாமியார். ஏனென்று நானும் கேட்கவில்லை. தாய்மார்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். "நம்ம புள்ளைகளுக்கு இன்னைக்கே தீவாளி" என்று ஒருத்தி சிரித்தாள். ஏழு கயிற்றையும் சுருட்டிக் கடலைக்கொடிப் போருக்கு அடியில் செருகினேன்.

காருக்கு முன்னால் ஆத்தாயி ஓடிவந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது இப்படி இல்லீங்க சாமி" என்றாள் மெம்பரிடம். "இன்னைக்குத்தானுங்க இப்படி. கயிறு இருக்குமுங்க. இங்கதான்..." மரத்தைச் சுற்றித் தேடினாள்.

மெம்பர் நல்ல மனிதர். "தினமும் குழந்தைகளை யாரம்மா பார்த்துக்கொள்வது?" என்று கேட்டார்.

"நாங்கதானுங்க" என்றார் மாமியார்.

அவர் மாமியாருக்குப் பின்னால் நின்ற என் பக்கம் திரும்பினார். "அப்படியா அம்மா?"

நான் தலையை ஆட்டினேன்.

அப்போது குப்பாயி நடந்துகொண்டிருந்தாள். மரத்திலிருந்து நாலு முழம் போவாள், நிற்பாள், திரும்பிவிடுவாள். இடுப்பில் கயிறு இல்லை. ஆனாலும் கயிறு விட்ட தூரத்துக்கு அப்பால் அவள் கால் போகவில்லை. அதை நான் பார்த்தேன். மெம்பர் பார்க்கவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

பொழுது சாயும்போது ஆத்தாயி வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன்.

"கயிறு எங்கீங்க சாமி? நாளைக்கு வேணுமுங்களே" என்றாள்.

போருக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவளுக்குப் படித்துக் காட்டவும் என்னைவிட்டால் ஆள் இல்லை. 'குழந்தைகளை ஊரார் நன்கு பராமரித்துவருவது நேரில் காணப்பட்டபடியால் கொட்டகை தற்சமயம் அவசியமில்லை.'

"ஊராருன்னா ஆருங்க?" என்றாள்.

நான் காகிதத்தை மடித்தேன்.

"செரி, இன்னொன்னு எழுதுங்க சாமி."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மனு மெம்பர் வந்த நாள்வரை வந்தது. கயிற்றை ஒளித்து வைத்த இடத்தில் என் கை நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அத உட்ருங்க. உங்களுக்கு ஊட்டுல தொந்தரவாயிரும்."

விட்டுவிட்டேன். அதை விட்ட பிறகு அந்த மனுவில் புதிதாக என்ன இருந்தது? இந்தத் தடவை யாரும் வரவில்லை.

பிறகு அவள் என்னிடம் எழுதச் சொல்லவில்லை. நாமக்கல்லுக்கு நடந்துபோய் யாரையோ பிடித்து வருஷம் ஒரு மனு எழுதவைத்தாள். 1944இல் கொட்டகை வந்தது. திறக்கிற அன்று என்னையும் கூப்பிட்டாள்; நான் போகவில்லை. குப்பாயி அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் கூலிக்குக் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது தாண்டியிருந்தது. பாட்டும் அ ஆவும் அவளைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு.

வழியில் பார்த்தால் ஆத்தாயி இன்றும் நின்று, "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன்.